வெண்திரையில் எஞ்சிய வனம்: மார்ட்டின் ஜான்சன், ஓசா ஜான்சன் இணையரின் பயணங்களும் படங்களும்

முன்னுரை

1919ஆம் ஆண்டில் ஓர் இரவு, தென் பசிபிக் பெருங்கடலிலுள்ள மலெக்குலாத் தீவின் கடற்கரையில் வெண்திரை ஒன்று கட்டப்பட்டது. மலையிலிருந்து இறங்கி வந்திருந்த பிக் நம்பாஸ் குடியினர் அதன்முன் அமர்ந்தனர். ஈராண்டுகளுக்கு முன்னர் அதே தீவில் எடுக்கப்பட்ட படம் ஓடத் தொடங்கியது. குடித்தலைவர் நாகபாத்தே தம் முகத்தைத் திரையில் கண்டார். அவருடைய ஆட்கள் ஒருவரையொருவர் அடையாளங்கண்டு கூவினர். இடைப்பட்ட காலத்தில் இறந்துபோன ஒருவரின் உருவம் திரையில் நடமாடியபோது கூட்டத்தில் அச்சக் குரல் எழுந்தது. இந்நிகழ்ச்சியை மார்ட்டின் ஜான்சன் 1922இல் வெளிவந்த தம் நூலில் விரித்து எழுதியுள்ளார்.

மார்ட்டின் ஜான்சனும் அவர்தம் மனைவி ஓசா ஜான்சனும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க மக்களிடையே பெரும் புகழ் பெற்றிருந்த பயணிகள், நூலாசிரியர்கள், வனவிலங்குத் திரைப்படத்தின் முன்னோடிகளுள் இருவர். தென்கடல் தீவுகள், கிழக்கு ஆப்பிரிக்கா, கொங்கோ ஆகிய நிலப்பகுதிகளோடு, இன்று சபா என வழங்கும் அன்றைய வட போர்னியோவிலும் இவர்கள் இருமுறை படமெடுத்தனர். ஆகவே நம் நாட்டு வரலாற்றோடும் இவர்களுக்குத் தொடர்பு உண்டு. இவர்களது வாழ்க்கையைச் சுருங்கக் கூறி, இவர்கள் விட்டுச்சென்ற படங்களை வரலாற்றுச் சான்றுகளாக நாம் எவ்வளவு தூரம் ஏற்கலாம் என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். மலெக்குலாக் கடற்கரையில் நிகழ்ந்தது போலப் படம் பிடிக்கப்பட்டவரிடமே படம் திரும்பிச் சென்ற நேரங்கள் இவர்களது வாழ்வில் அரியவை. அந்த அருமையே நம் ஆய்வுக்குத் திறவுகோலாக அமைகின்றது.

கப்பற் சமையற்காரர்

மார்ட்டின் ஜான்சன் 1884ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டு நகரில் பிறந்தார். கான்சஸ் மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தந்தையார் நகைக்கடை வைத்திருந்தார். கோடாக் நிறுவனத்தின் ஒளிப்படப் பொருள்களும் அக்கடையில் விற்பனைக்கு இருந்தன. ஒளிப்படக் கலையில் ஜான்சனுக்கு ஏற்பட்ட ஈடுபாடு அக்கடையிலேயே வேரூன்றியது எனலாம்.

எழுத்தாளர் ஜாக் லண்டன் ‘ஸ்நார்க்’ என்னும் சிறு பாய்மரக் கலத்தில் உலகைச் சுற்றத் திட்டமிட்டபோது, முன்பின் அறியாத இவ்விளைஞர் தம்மையும் அழைத்துச் செல்லுமாறு மடல் எழுதினார். சமைக்கத் தெரியுமா என்று லண்டன் கேட்டதும், தெரியாத தொழிலைத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டு இவர் இடம்பெற்றதும் பின்னாளில் இவரது மேடைப் பேச்சுகளில் தவறாது இடம்பெற்ற கதையாயிற்று. 1907ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் புறப்பட்ட ஸ்நார்க், ஹவாய், மார்கெசாஸ், தகித்தி, சமோவா, பிஜி வழியாகச் சாலமன் தீவுகள் வரை சென்றது. லண்டனின் உடல்நலக் குறைவால் பயணம் இடையிலேயே கைவிடப்பட்டது. தொடக்கத்தில் புறப்பட்ட பணியாளர்களுள் இறுதிவரை கலத்தில் நிலைத்தவர் ஜான்சன்.

ஊர் திரும்பிய ஜான்சன், பயணப் படங்களைக் காட்டிச் சொற்பொழிவாற்றுவதைத் தொழிலாக்கிக்கொண்டார். 1910இல் அண்டை ஊராகிய சனூட்டைச் சேர்ந்த பதினாறு வயது ஓசாவை மணந்தார். அடுத்த ஏழாண்டுகள் இருவரும் அமெரிக்கா, கனடா எங்கும் மேடை மேடையாகச் சென்று அடுத்த பயணத்திற்குரிய பணத்தைச் சேர்த்தனர். ஜான்சன் அறிவியலாளராகவோ மானிடவியலாளராகவோ பயிற்சி பெற்றவர் அல்லர். கட்டணம் செலுத்தி வந்த அவையோரின் முகக்குறிப்பைப் படித்துப் படித்தே தம் கலையைக் கற்றவர். எக்காட்சிக்கு அவை மெய்ம்மறக்கும், எக்காட்சிக்குக் கொட்டாவி விடும் என்பதை அறிந்த பின்னரே அவர் திரைப்படக் கருவியைக் கையில் எடுத்தார். பின்னாளில் அவரிடம் காணப்படும் நிறைகளுக்கும் குறைகளுக்கும் இம்மேடைப் பயிற்சியே ஊற்றாகும் என்பது எம் கருத்து.

மலெக்குலாவில் ஜான்சன் இணையர்

1917ஆம் ஆண்டு இருவரும் சாலமன் தீவுகளுக்கும் அன்று நியூ ஹெப்ரைட்ஸ் என வழங்கிய இன்றைய வனுவாட்டு நாட்டிற்கும் சென்றனர். அக்காலத்தில் நியூ ஹெப்ரைட்ஸ் பிரிட்டனும் பிரான்சும் இணைந்து ஆண்ட பகுதியாகும். மலெக்குலாவின் வடபுறத்து மலைகளில் அவ்விரு ஆட்சிகளின் கையும் முழுமையாக எட்டவில்லை. அங்கு நாகபாத்தேயைச் சந்தித்ததையும், அவருடைய ஆட்கள் தங்களைப் பிடித்துக்கொண்டதையும், குடாவில் பிரிட்டிஷ் சுற்றுக்காவல் கப்பல் தென்பட்டதால் உயிர் தப்பியதையும் ஜான்சன் இணையர் எழுதியுள்ளனர். இந்நிகழ்ச்சிக்கு அவர்களது கூற்றே முதன்மைச் சான்று. நாகபாத்தேயின் தரப்பு, அந்நியர் இருவர் அழைப்பின்றித் தம் நிலத்தில் ஏறியதை எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதற்கு அந்நூல்களில் இடமில்லை.

1918இல் வெளிவந்த படம் பெரும் வெற்றி பெற்றது. ‘நரமாமிசம் உண்போர்’ என்னும் சொல் படத்தின் தலைப்பிலும் விளம்பரத்திலும் இடம்பெற்றது. ஆயினும், 1919இல் திரும்பிச் சென்றபோது அதே படத்தை அம்மக்களுக்கே போட்டுக் காட்டியமை குறிப்பிடத்தக்கது. காவலுக்கு ஆயுதந்தாங்கியோர் உடன் சென்றனர் என்பதையும், அத்திரையீடே மற்றொரு படத்திற்குரிய காட்சியாகப் பதிவு செய்யப்பட்டது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. எனினும் அன்றிரவு அம்மக்கள் தம் உருவங்களைத் தாமே கண்டனர். தம்முள் ஒருவர் மறைந்துவிட்டதை அப்படத்தைக் கொண்டே மீண்டும் உணர்ந்தனர். பதிவுக்கும் பதிவு செய்யப்பட்டோருக்கும் உள்ள உறவு அங்குச் சில மணி நேரமாவது முழுமை பெற்றது.

மர்சாபித் மலையும் போக்குலியும்

1920இல் வட போர்னியோவில் எடுத்த காட்சிகளைக் கொண்டு 1921இல் ஒரு படம் வெளிவந்தது. அப்பயணத்தைப் பின்னர் விரிவாகக் காண்போம். அப்படத்தைக் கண்ட கார்ல் ஏக்லி, ஜான்சன் இணையரின் கவனத்தை ஆப்பிரிக்காவின் பக்கம் திருப்பினார். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் விலங்குக் காட்சிக்கூடங்களை உருவாக்கியவர் ஏக்லி. இயங்கும் விலங்கைத் தொடர்ந்து படமெடுக்கத்தக்க தனிவகைத் திரைப்படக் கருவியை வடிவமைத்தவரும் அவரே. ஆப்பிரிக்காவின் பெருவிலங்குகள் வேட்டையாலும் குடியேற்றத்தாலும் அழிந்து வருகின்றன. அவை முற்றும் மறையுமுன் படம்பிடிக்கப்பட வேண்டும் என்பது அவரது வேண்டுகோள். ஆப்பிரிக்க விலங்குகளை ஜான்சனுக்கு முன்னரும் சிலர் படமெடுத்ததுண்டு. ஆங்கிலேயரான செர்ரி கியர்ட்டன் 1909இல் கென்யாவில் படமெடுத்தார். பால் ரெய்னியின் வேட்டைப் படம் 1912இல் வெளிவந்தது. எனினும் ஓரிடத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கி, விலங்குகளின் அன்றாட வாழ்வைப் பதிவு செய்தமை ஜான்சன் இணையரின் தனிச்சிறப்பாகும்.

அவ்விடம் கென்யாவின் வட பகுதியில், வறண்ட நிலத்தின் நடுவே காடடர்ந்து நிற்கும் மர்சாபித் மலை. அம்மலையில் எரிமலை வாய் ஒன்றில் அமைந்த ஏரிக்கு ‘பாரடைஸ் ஏரி’ எனப் பெயரிட்டு, 1924 முதல் 1927 வரை அதன் கரையில் தங்கினர். கோடாக் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் பொருளுதவி செய்தார். 1926இல் தாமே அங்குச் சென்றும் பார்த்தார். அருங்காட்சியகத்தின் ஆதரவும் கிட்டியது. வீடுகள், படச்சுருள் கழுவும் இருட்டறை, ஓசா பயிரிட்ட காய்கறித் தோட்டம் என அங்கு ஒரு சிற்றூரே எழுந்தது.

ஜான்சன் இணையரை முதன்முதலில் அவ்வேரிக்கு அழைத்துச் சென்றவர் போக்குலி என்னும் வழிகாட்டி. யானையின் தடத்தைக் கொண்டே அதன் போக்கையும் நோக்கையும் கூற வல்லவர் அவர் என ஜான்சன் இணையர் வியந்து எழுதியுள்ளனர். மிதிபட்ட புல், ஒடிந்த கிளை, சாணத்தின் ஈரம் ஆகியவற்றைப் படிக்கும் அறிவு நூல்வழி வருவதன்று. எந்நீர்நிலைக்கு எந்நேரத்தில் யானைகள் வரும், காற்று எத்திசையில் வீசும்போது எங்குப் பதுங்க வேண்டும் என்பன போன்ற அறிவின்றி ஓரடிப் படமும் எடுத்திருக்க இயலாது. படத்தின் விளம்பரங்கள் ஜான்சன் இணையரின் துணிவையே பெரிதாகப் பேசின. நூலில் பெயர் பெற்ற போக்குலி திரையின் புகழில் பங்கு பெறவில்லை. ஆப்பிரிக்க வனவிலங்குப் படத்தின் வரலாற்றை எழுதுவோர் இயக்குநர் பெயரோடு அவர் பெயரையும் எழுதுதல் முறையாகும்.

பதிவும் புனைவும்

பாரடைஸ் ஏரிக்கரையிலும் செரெங்கெட்டிச் சமவெளியிலும் எடுத்த காட்சிகளைக் கொண்டு உருவான ‘சிம்பா’ 1928இல் வெளிவந்தது. சிம்பா என்பது சுவாகிலி மொழியில் சிங்கத்தைக் குறிக்கும். நீர்நிலையில் திரளும் விலங்குகளையும் சிங்கக் கூட்டத்தையும் காட்டும் பகுதிகள் இன்றும் சான்று மதிப்புடையவை. ஆனால் அதே படத்தில் வேறு வகைக் காட்சிகளும் உள்ளன. மார்ட்டின் கருவியைச் சுழற்ற, ஓசா துப்பாக்கியுடன் அருகில் நிற்பார். விலங்கு பாய்ந்து வரும். ஓசா சுட்டு வீழ்த்துவார். பாய்ச்சல் வேண்டுமெனில் விலங்கைச் சினமூட்ட வேண்டும். வெவ்வேறு வேளைகளில் எடுத்த துண்டுகளை ஒரே நிகழ்ச்சி போல் ஒட்டுவதும் அக்காலப் படத்தொகுப்பில் வழக்கமாக இருந்தது. கருவி துப்பாக்கியின் இடத்தைப் பிடித்தது என இவர்களைப் பாராட்டுவோர் கூறுவர். இரண்டும் அருகருகே நின்றன என்பதே படங்கள் காட்டும் உண்மை.

1929 முதல் 1931 வரை பெல்ஜியக் கொங்கோவில் எடுத்து 1932இல் வெளியிட்ட ‘கொங்கொரில்லா’, ஆப்பிரிக்காவில் நேரடியாக ஒலிப்பதிவு செய்யப்பட்ட தொடக்ககாலப் படங்களுள் ஒன்றாகும். தொழில்நுட்ப நோக்கில் அது ஒரு சாதனை. இத்தூரிக் காட்டின் ம்புத்தி மக்களை அது காட்டும் முறையோ வருந்தத்தக்கது. அவர்கள் கையில் சுருட்டையும் பலூனையும் கொடுத்து, அவர்களது திகைப்பை நகைச்சுவையாக்கிய காட்சிகள் அதில் உள்ளன. காட்டின் நுட்பம் அறிந்த மக்களை அந்நியப் பொருள் ஒன்றின்முன் நிறுத்தி அறியாதவராகக் காட்டுவது, அக்காலக் காலனித்துவப் பார்வையின் இயல்பான வெளிப்பாடாகும்.

அப்பயணத்தில் பிடிபட்ட இளங்கொரில்லாக்கள் இரண்டு 1931இல் சான் டியேகோ விலங்குக் காட்சிச்சாலைக்கு விற்கப்பட்டன. ஆணும் பெண்ணும் எனக் கருதப்பட்ட அவ்விரண்டும் ஆண்களே எனப் பின்னர்த் தெரியவந்தது. பெண் எனக் கருதி ‘கொங்கோ’ எனப் பெயரிடப்பட்டது ‘ம்பொங்கோ’ என மாற்றுப் பெயர் பெற்று 1942இலும், ‘ங்காகி’ எனப்பட்டது 1944இலும் கூண்டிலேயே இறந்தன. காட்டை ஆண்டுக்கணக்கில் படமெடுத்தவர்களுக்கும் தாம் கையில் ஏந்திய விலங்கு ஆணா பெண்ணா என்பது தெரியாதிருந்தது. காண்பது வேறு, அறிவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

கினாபாத்தாங்கானில் இருமுறை

நமக்கு மிக அண்மையதாகிய பகுதிக்கு இனி வருவோம். கினாபாத்தாங்கான் சபாவின் மிக நீண்ட ஆறு. ஏறத்தாழ 560 கிலோமீட்டர் ஓடிச் சூலு கடலில் கலப்பது. 1920இல் ஜான்சன் இணையர் வந்தபோது அந்நிலம் பிரிட்டிஷ் வட போர்னியோ வணிகக் குழுமத்தின் ஆட்சியில் இருந்தது. சண்டாக்கான் அதன் தலைநகர். அங்கிருந்து படகுகளில் ஆற்றின் வழியே உள்நாட்டிற்குச் சென்றனர். எதிர்நீரில் துடுப்பு வலித்தவர்களும், கருவிகளையும் படச்சுருள்களையும் ஈரம் படாது சுமந்தவர்களும் உள்ளூர் மக்களே.

இரண்டாம் முறை 1935இல் வந்தபோது நிலைமை மாறியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் இருவரும் விமானம் ஓட்டக் கற்றிருந்தனர். 1933, 1934ஆம் ஆண்டுகளில் நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல இரு சிகோர்ஸ்கி விமானங்களில் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் படமெடுத்திருந்தனர். ஒன்றில் வரிக்குதிரைக் கோடுகளும் மற்றொன்றில் ஒட்டகச்சிவிங்கிப் புள்ளிகளும் தீட்டப்பட்டிருந்தன. அவற்றுள் சிறியதைப் போர்னியோவுக்குக் கொண்டுவந்து, கினாபாத்தாங்கானின் கீழ்ப்பகுதியிலுள்ள அபாய் என்னுமிடத்தில் முகாம் அமைத்தனர். விமானி ஜிம் லனேரியும் ஒலிப்பதிவாளர் ஜோ டில்டனும் உடனிருந்தனர். முன்னர்த் துடுப்பு வலித்து நாள்கணக்கில் கடந்த தொலைவை இப்போது மேலிருந்து சில மணி நேரத்தில் கண்டனர். ஆற்றின் வளைவுகளும் இடைவெளியற்ற காட்டின் மேற்பரப்பும் வான்வழியே பதிவாயின.

இவ்வாறு உருவான ‘போர்னியோ’ 1937இல், மார்ட்டினின் மறைவிற்குப் பின் வெளிவந்தது. நீள்மூக்குக் குரங்குகளை அவற்றின் இயல்பான ஆற்றோர மரங்களில் காட்டும் காட்சிகள் அப்படத்தின் பெருஞ்செல்வம். தம்மிடம் வந்த வெள்ளையரின் மூக்கையும் நிறத்தையும் கண்டு, அக்குரங்கிற்கு ‘ஓராங் பெலாண்டா’, அதாவது ஒல்லாந்துக்காரர், என மலாய் மொழியில் பெயர் சூட்டியோரின் நகைச்சுவையை நாம் அறிவோம். படத்தின் நகைச்சுவையோ எதிர்த்திசையில் சென்றது. லோவெல் தாமசின் வருணனையோடு லூ லெர் என்னும் நகைச்சுவையாளரின் குரலும் சேர்க்கப்பட்டு, விலங்குகளும் மக்களும் கேலிக்குரிய பொருள்களாயினர். மரமேறும் மீன், மரத்தில் காய்க்கும் சிப்பி என விளம்பரங்கள் வியந்தன. சேற்றிலும் வேர்களிலும் தாவும் மீனும், அலையாத்தி வேர்களில் ஒட்டி வளரும் சிப்பியும் அக்கரையோர மீனவர் நாள்தோறும் கண்டவை. ஒருவருக்கு அன்றாடமாக இருப்பது மற்றொருவருக்கு அதிசயமாக விற்கப்படுவதே இப்படங்களின் வணிகம்.

அதே வேளையில், அவ்வணிகமே நமக்கு ஓர் ஆவணத்தையும் விட்டுச்சென்றுள்ளது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். 1950களிலிருந்து பெருகிய வெட்டுமரத் தொழிலாலும், பின்னர் 1980களிலிருந்து விரைந்து பரவிய செம்பனைத் தோட்டங்களாலும் கினாபாத்தாங்கானின் காடு துண்டு துண்டாயிற்று. 2005இல் அமைக்கப்பட்ட கீழ்க் கினாபாத்தாங்கான் வனவிலங்குச் சரணாலயம் ஏறத்தாழ 26,000 எக்டர் பரப்புடையது. அதுவும் ஒரே தொடர்ச்சியாக இன்றிப் பல பகுதிகளாகப் பிரிந்துள்ளது. ஜான்சனின் விமானத்திலிருந்து பதிவான இடையறாத காட்டை இன்றைய வரைபடத்தோடு ஒப்பிடுவோர்க்கு, எண்களால் உணர்த்த இயலாத இழப்பு ஒரே பார்வையில் விளங்கும்.

இறுதி ஆண்டுகள்

1937ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், சொற்பொழிவுச் சுற்றுலாவின்போது இருவரும் பயணம் செய்த பயணிகள் விமானம் கலிபோர்னிய மலைப்பகுதியில் மோதியது. யானைக்கும் சிங்கத்திற்கும் தப்பிய மார்ட்டின், மறுநாள் மருத்துவமனையில் காலமானார். காயமுற்ற ஓசா சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே சொற்பொழிவுகளைத் தொடர்ந்தார். 1940இல் அவர் பெயரில் வெளிவந்த தன்வரலாற்று நூல் அவ்வாண்டு அமெரிக்காவில் மிகுதியாக விற்பனையான நூல்களுள் ஒன்று. அதனை எழுதுவதில் பிறரது கையும் இருந்தது என ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். 1953இல் ஓசா நியூயார்க்கில் மறைந்தார். 1961இல் அவரது சொந்த ஊராகிய சனூட்டில் இருவர் பெயராலும் அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் நாம் பெறும் முடிவுகள் இரண்டு. முதலாவது, ஜான்சன் இணையரின் படங்களை முற்றும் நம்புதலும் முற்றும் தள்ளுதலும் ஒருசேரப் பிழையாகும். படத்தின் குரலை ஐயுற்று, அதன் பின்புலத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வருணனையாளர் நகைக்கும் அதே காட்சியில், ஆற்றங்கரையின் மரங்களும், படகின் அமைப்பும், துடுப்பு வலிக்கும் கைகளும் தம் போக்கில் உண்மை கூறிக்கொண்டிருக்கின்றன. வகுப்பறையில் இத்தகைய பயணப் படத்தையோ நூலையோ பயன்படுத்தும் ஆசிரியர்கள் மாணவர்களிடம் மூன்று வினாக்களை எழுப்பலாம்: யார் இதனைக் காட்டுகின்றார்? யார் காட்டப்படுகின்றார்? பெயர் கூறப்படாமல் உழைப்பவர் யார்? இம்மூன்று வினாக்களும் எக்காலத்துப் பயண இலக்கியத்திற்கும் பொருந்துவன.

இரண்டாவது, இத்தகைய பதிவுகள் எடுக்கப்பட்ட மண்ணிற்கே திரும்பிச் செல்ல வேண்டும். கினாபாத்தாங்கான் கரைவாழ் முதியோர் அப்படங்களைக் காணும்போது, எந்த ஆய்வாளரும் அறியாத இடப்பெயரையும் ஆட்பெயரையும் அவர்களால் கூற இயலும். அத்தலைமுறையின் நினைவு நெடுநாள் காத்திருக்காது. மலெக்குலாவின் கடற்கரையில் அன்று இறந்த மனிதர் ஒருவர் திரையில் நடமாடியபோது, அவரை அறிந்திருந்தமையால் அம்மக்கள் அலறினர். இன்று ‘போர்னியோ’ படம் ஓடும்போது திரையில் நடமாடுவது பெரும்பகுதி மறைந்துவிட்ட ஒரு காடு. அதனை அடையாளங்கண்டு குரலெழுப்ப அவையில் ஆள் இருக்க வேண்டும். அவ்வவையை உருவாக்குவது நம் கல்விக்கூடங்களின் கடமையாகும்.